முதுகுக்குப் பின்னால் நாற்பது லிட்டர்

வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்று நடந்த பேச்சு, பத்தொன்பது வருஷம் கழிந்த பிறகும் அவளுக்கு ஒரு வார்த்தை குறையாமல் நினைவிருக்கிறது.

அவள் கணவர் அந்தப் பழைய பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கப் பெட்டியை டேப் வைத்து அளந்தார். ஏழடிக் கதவு தலை நீட்டாமல், பின்தகட்டைச் சாத்தியபடியே படுக்கும் நீளம். திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினார். உடனே இறங்கி, சீட்டின் முதுகை மடக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"டேங்க்."

"என்ன டேங்க்?"

"பெட்ரோல் டேங்க். வேற என்ன டேங்க் இருக்கும்?"

"அது எதுக்கு நாம உக்கார்ற ரூமுக்குள்ள இருக்கு?"

"பழைய மாடல்ங்க. அப்பல்லாம் சீட்டுக்குப் பின்னாடிதான் வைப்பாங்களாம். வித்தவரு சொன்னாரு."

"எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"நாப்பது."

"அப்ப என் முதுகுக்குப் பின்னாடி நாப்பது லிட்டர் பெட்ரோல்."

"என் முதுகுக்கும்தான்."

"உனக்கு மூக்கு இல்லை. எனக்கு இருக்கு."

இதில் அவள் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவளுடைய வாசனை உணர்வையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பெட்ரோலும் ஒன்றுதான், பவுடரும் ஒன்றுதான்.

"இப்ப என்னதான் பண்ணணுங்கிறீங்க?"

"நீ ஓட்டு. நீ நல்லாத்தான் ஓட்டுவே. நான் மொபெட்ல பின்னாடியே வர்றேன்."

"எவ்வளவு பின்னாடி?"

"உன் கண்ணாடியில தெரியற தூரம்."

"எத்தனை நாளைக்கு?"

"அது அங்க இருக்கிற வரைக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருப்பார், முதல் மழையில் நனைந்ததும் தானாக வந்து ஏறிக்கொள்வார் என்று நினைத்தாள். முதல் மழை வந்தது. அவர் மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குக் கதவு மாட்டுவது தொழில். தெருவில் எல்லோரும் கதவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டறையில் செய்த கதவுகளை அவள் ஏற்றிக்கொண்டு போவாள். போன இடத்தில் அவர் நிலையில் பொருத்துவார். அதற்கு முன்பு அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். வளைவு, நெரிசல், பின்னால் கத்துகிற பிள்ளைகள், எதற்கும் அசராத கை.

அவர் கதவை மாட்டுகிற விதம் தனி. வாங்கியதும் முதலில் விரல் முட்டியால் மேலே, நடுவே, கீழே தட்டிப் பார்ப்பார். உள்ளே கட்டையா, அட்டையா, எங்கே வெற்றிடம் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மாட்டி முடித்ததும் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய்க் கைகட்டி நிற்பார். கதவு தன்பாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கீலைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார். "விட்ட இடத்துல நிக்கணும். அதுதான் கதவு" என்பார். வீட்டுக்காரர்கள் கடுப்பாவார்கள். அடுத்த வீடு கட்டும்போது அவரையேதான் கூப்பிடுவார்கள்.

இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அவருக்கு ஒரு தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில் வார்னிஷ் அடிக்கும் அறையில் தின்னர் டப்பா ஒன்று பற்றிக்கொண்டபோது வந்தது. அதைப் பற்றிக் கேட்டால் "சின்ன விஷயம்" என்று சட்டைக் கையை இறக்கிவிடுவார். அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. ஆனால் சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் தளும்புகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கை ஞாபகம் வரும்.

ஆக, பத்தொன்பது வருஷம் அவர்கள் இப்படித்தான் வேலைக்குப் போனார்கள். முன்னால் வண்டி, பின்னால் மொபெட். அவருடைய சாப்பாட்டு டப்பாவைக்கூட வண்டியில் கொடுத்தனுப்ப மாட்டார், ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொள்வார். அவளுக்கு ரோட்டில் ஒரு கண், கண்ணாடியில் ஒரு கண். கண்ணாடியில் அந்தப் புள்ளி காணாமல் போனால் ஓரம் கட்டுவாள். புள்ளி வந்ததும் கிளம்புவாள்.

ஒருமுறை புதிதாக வந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் அவரை மடக்கிவிட்டார்.

"ஏய்யா, அந்தம்மா வண்டி பின்னாடியே போறியே, என்ன விஷயம்? ஒரு வாரமா பாக்குறேன்."

"ஒரு வாரம் இல்ல சார். பத்து வருஷமா போறேன்."

"என்னய்யா, திமிரா?"

"என் பொண்டாட்டி சார்."

போலீஸ்காரர் அவள் ஓரம் கட்டியிருந்த வண்டிக்கு நடந்து வந்து, "ஏம்மா, அந்த ஆளு உன் புருஷனா?" என்று கேட்டார். மடக்கியது மடக்கிவிட்டார்கள், கொஞ்சம் அவதிப்படட்டும் என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. "பார்த்த முகமா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே நினைத்து நினைத்துச் சிரித்தார்.

இந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது கண் டாக்டர்.

நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது, சொட்டு மருந்தைத் தவறாமல் போட்டால் இதோடு நின்றுவிடும் என்றார் டாக்டர். இனிமேல் இரண்டு சக்கர வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அவர் வீட்டுக்கு வந்து மொபெட்டுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்தினார். பிறகு உளிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார்.

அவள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

"ஏன் மேலே ஏத்துறீங்க?"

"நீ கதவை இறக்கிட்டு வந்துடு. அங்க இருக்கிற தச்சன் யாராவது மாட்டிக்கட்டும்."

"யாராவது மாட்டின கதவு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தான் இனிமே பாக்க மாட்டேனே."

"எங்கூட வண்டியில வாங்க."

அவர் முன்கையைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலிருந்தார். சமையலறைக் கதவில் ஒரு குறையும் இல்லை. அதை இரண்டு முறை கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவை கழற்றியபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு, நேராகத் தம்பியின் வெல்டிங் பட்டறைக்கு நடந்தாள்.

"டேங்கை இடம் மாத்தணும்."

தம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "அக்கா, நான் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் பண்றவன். பேசாம வண்டியை வித்துட்டு வேற வாங்கு."

"வேற எந்த வண்டியிலடா ஏழடிக் கதவு படுக்குது? அஞ்சடிக்கு மேல எல்லாம் காத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். கேட்டு மாட்டுற மாதிரிதான் இதுவும். தொங்கணும், ஆடக்கூடாது."

"மாமா ஏறுவாராமா?"

"தெரியாது."

"தெரியாமலேவா?"

"உன்கிட்ட பதிலா கேட்டேன்? இடுக்கி கேட்டு வந்திருக்கேன்."

வீட்டில் விஷயத்தை ஒளித்து வைக்க முடியவில்லை. அவள் சீட்டைக் கழற்றி வாசலில் போட்டதும் அவர் வெளியே வந்தார்.

"என்ன நடக்குது?"

"இந்த ஆளை வீட்டை விட்டு அனுப்புறோம்" என்று டேங்கைக் காட்டினாள்.

"எங்கே அனுப்புறே?"

"பின்சக்கரத்துக்கும் அந்தப் பக்கம். பெட்டிக்கு அடியில ஸ்டெப்னி தொங்குதுல்ல, அந்த இடத்துக்கு."

அவர் உள்ளே போனார். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். டேப்போடு திரும்பி வந்தார். சீட்டின் முதுகு இருந்த இடத்திலிருந்து ஸ்டெப்னி வரைக்கும் அளந்தார்.

"ஏழே முக்கால் அடி."

"போதுமா?"

"நடுவுல ஒரு தகடு. தகட்டுக்கு மேல கதவுங்க." டேப்பைச் சுருட்டினார். "யோசிக்கிறேன்" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொன்னவர் அன்று மத்தியானமே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் போட்ட சட்டங்களை நினைத்தால் தம்பிக்கு இன்றும் சிரிப்பு வரும். பெட்ரோலை வடிக்கிற அன்று தெருவில் ஒரு தீப்பொறி தெரியக்கூடாது. கொக்கி, பட்டை, தாங்கி எல்லாவற்றையும் தம்பியின் பட்டறையிலேயே வெல்டிங் செய்து ஆறவைத்துக் கொண்டுவர வேண்டும். வண்டியில் போல்ட்டும் நட்டும் மட்டும்தான்.

"உங்க வீட்டு அடுப்பையும் அணைக்கணுமா மாமா?"

"அணைச்சாச்சு மாப்ளே."

"அப்ப எனக்கு டீ?"

"எதிர் வீட்டுல போய்க் கேளு. அங்கயே குடிச்சிட்டு வா."

பழைய டேங்க் நெட்டை. அது வண்டிக்கு அடியில் நுழையாது. பழைய இரும்புக் கடையில், விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து தட்டையான, அகலமான டேங்க் ஒன்று கிடைத்தது. அதில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் அவர் ஒட்டுப்பலகையில் அதே நீளம், அதே அகலம், அதே உயரத்துக்கு ஒரு பெட்டி செய்தார். கதவு வருவதற்கு முன் நிலைக்குச் சட்டம் வைத்துப் பார்ப்பது போல, டேங்க் வருவதற்கு முன் பெட்டியை வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

"பெட்ரோல் டேங்குக்கு மரத்துல மாதிரி செஞ்ச முதல் ஆளு நீங்கதான் மாமா" என்றான் தம்பி.

"அளவு சரியா இருந்தா எதுவும் சரியா இருக்கும்."

அளவு சரியாகத்தான் இருந்தது. பெட்டியை அடியில் தூக்கிப் பிடித்து, தாங்கிகள் வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். உரசுகிற இடத்திலெல்லாம் பழைய டியூபை வெட்டி ரப்பர் வைத்தார். கடைசியில் உண்மையான டேங்கைத் தூக்கிப் பார்த்தபோது அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் ஊற்றுகிற வாய் இடது பக்கம் வந்தது. சைலன்சர் குழாயும் இடது பக்கம்தான் புகை விடும்.

"புகை வர்ற பக்கம் பெட்ரோல் வாயா? வேண்டவே வேண்டாம். திருப்பு."

டேங்கை அப்படியே அரைவட்டம் திருப்பினார்கள். வாய் வலது பக்கம் வந்தது. தாங்கியில் அப்போதும் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? தாங்கிக்கு அளவு கொடுத்த பலகைப் பெட்டிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூன்று பேரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

புதுக் குழாய் இழுத்து, கிளிப் முறுக்கி, பத்து லிட்டர் ஊற்றி, சோதனைக்கு நாள் வந்தது. மூக்கு இருப்பவர் அவர்தான் என்பதால் நீதிபதியும் அவரே. வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாக முகர்ந்தார். பிறகு உள்ளே ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவள் வெளியே நின்று பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பி வழிந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியை இறக்கினார்.

"புழுக்கம்தான் வருது. வேற ஒண்ணும் வரலை."

அன்று சாயங்காலம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனது பஸ்ஸில் மட்டும்தான். முதல் தெருவில் டேஷ்போர்டை இறுகப் பிடித்தபடி வந்தார். இரண்டாவது தெருவில் ஒரு கையை எடுத்தார். மூன்றாவது தெருவில் வாயைத் திறந்தார்.

"அந்த லாரியை எதுக்கு இப்ப முந்துறே?"

"பத்தொன்பது வருஷமா இப்படித்தான் முந்துறேன். பின்னாலேருந்து பாத்ததில்லையா?"

"பாத்தேன். சொல்ல முடியலை."

"இப்ப?"

"இப்ப முடியுது. ஆரன் அடிக்காம முந்தாதே."

வீட்டுக்கு வந்ததும் அவர் பரணிலிருந்து உளிகளை இறக்கினார். அவள் பார்க்காதது போலச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை வந்தது. ஊருக்கு வெளியே மேட்டின் உச்சியில் ஒரு பள்ளிக்கூடம் புதுக் கட்டடம் கட்டியிருந்தது. பதினாலு கதவு. கட்டட மேஸ்திரி கறாரானவர். பத்து மணிக்குக் கதவும் ஆளும் வராவிட்டால் வேறு தச்சனை வைத்து வேலையை முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எட்டரைக்கெல்லாம் கதவுகளை ஏற்றிக் கயிறு கட்டிக் கிளம்பினார்கள். இரண்டு சாப்பாட்டு டப்பாவும் சீட்டில் நடுவில் இருந்தன.

சமதளத்தில் வண்டி பூப்போல ஓடியது. மேடு தொடங்கியது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவுக்கு முன், சாலை செங்குத்தாக எழும்புகிற இடத்தில் இன்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் முள் கால்வாசியில் நின்றது. பிரேக்கைத் தளர்த்திப் பின்னாலேயே மெல்ல உருட்டி, வளைவில் சாலை அகலமாய்ச் சமமாய் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். சாவியைத் திருப்பிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் ஓடியது. மறுபடியும் ஏற்றினாள். அதே இடம். அதே இருமல். மறுபடியும் உருட்டிக்கொண்டு கீழே வந்தாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கீழே ஊர் தெரிந்தது. அவர் இனி நடந்தே இறங்கிப் போய்விடுவார், உளிகள் மறுபடியும் பரணுக்குப் போகும், இந்தத் தடவை இறங்காது. இத்தனை நாள் பாடுபட்டு அவரை உட்கார வைத்த சீட் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நேராக ரோட்டைப் பார்த்தாள்.

அடியிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக்.

அவள் இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவர் மல்லாக்கப் படுத்து டேங்கை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டியைக் கொஞ்சம் மேட்டுல ஏத்தி நிறுத்து. மூக்கு மேல பாக்கட்டும். சக்கரத்துக்குக் கல்லு வெச்சிடறேன்."

அவள் சரிவில் ஏற்றி நிறுத்தினாள். அவர் இரண்டு பின்சக்கரத்துக்கும் கல் வைத்து, அழுத்திப் பார்த்து, மறுபடியும் படுத்தார்.

"கேளு. இது டேங்கோட முன்பக்கம்." டங், டங். "இது பின்பக்கம்." தொப், தொப். "முன்னாடி வெறும் பெட்டி. பெட்ரோல் மொத்தமும் பின்னாடி போய் உக்காந்திருக்கு. உறிஞ்சுற குழாய் எந்தப் பக்கம்?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன் அவளுக்கே எல்லாம் விளங்கிவிட்டது.

"காருல அது பின்பக்கம் இருந்தது. நாமதான் திருப்பினோம். இப்ப முன்னாடி இருக்கு."

"ம்."

"மேடு ஏறினா பெட்ரோல் பின்னாடி ஓடிடுது. குழாய் காத்தை உறிஞ்சுது."

"என் பலகைப் பெட்டியில குழாய் இல்லை" என்றார் அவர், படுத்தபடியே வானத்தைப் பார்த்து. "நான்தான் திருப்பச் சொன்னேன்."

"தம்பிக்குப் போன் பண்ணி ஒரு கேன்ல பெட்ரோல் கொண்டுவரச் சொல்லவா? ரொம்பினா ஏறிடும்."

"கேன்லயா? பெட்ரோலைக் கையில தூக்கிக்கிட்டு மேடேறி வரணுமா? நான் நடந்தே போயிடறேன்."

மணி ஒன்பதே கால். அவள் சாலையை மேலேயும் கீழேயும் பார்த்தாள். பெட்ரோல் குழாய்க்கு வராது என்றால் குழாய் பெட்ரோலுக்குப் போக வேண்டும். வண்டியின் முன்பக்கம் கீழே இருந்தால் பெட்ரோலும் முன்னால் இறங்கிவிடும். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏறுங்க."

"எங்கே?"

"மேலேதான். பின்னாலேயே போகலாம்."

"ரிவர்ஸ்லயா? மேடு பூராவுமா?"

"இன்னும் ரெண்டு வளைவுதானே. நடுக் கண்ணாடியில கதவு மறைக்குது. நீங்க பின்னாடி எட்டிப் பாத்துச் சொல்லணும்."

"எனக்கு ஓரம் தெரியாதே."

"நேரா தெரியுதுல்ல? நேரா பாருங்க. ஓரத்தை நான் பக்கக் கண்ணாடியில பாத்துக்கிறேன்."

அவர் தயங்கினார். பிறகு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஏறினார்.

அவள் வளைவின் அகலத்துக்கு வண்டியை இறக்கி, மூன்று தடவை ஒடித்துத் திருப்பி, வண்டியின் முதுகை மேட்டுக்குக் காட்டினாள். அவர் தன் பக்கத்துச் சீட்டின் முதுகை மடக்கிவிட்டு, பழைய டேங்க் இருந்த காலி இடத்தில் முழங்காலிட்டு, பின்கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷம் அவரைக் கிட்டே சேர்க்காத அதே இடம்.

ரிவர்ஸ் கியர் விழுந்தது. வண்டி அழுதுகொண்டே பின்னால் ஏறத் தொடங்கியது.

"இடது. கொஞ்சம் இடது. நில்லு, போதும். இப்ப நேரா."

"நேராத்தான் போறேன்."

"நீ சொல்ற நேர் வேற, நான் சொல்ற நேர் வேற. அரை விரல் வலது."

"இது வண்டிங்க, கீல் இல்லை!"

"அரை விரல்னு சொன்னா அரை விரல்."

இருமல் வந்த இடம் வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இன்ஜின் ஒரே குரலில் கத்தியது. இடம் தாண்டியது. இரண்டாவது வளைவில் எதிரே ஒரு சைக்கிள்காரர் இறங்கி வந்தார். தன்னை நோக்கி முதுகு காட்டி ஏறும் வண்டியைப் பார்த்துவிட்டு, பிரேக் பிடித்து, இறங்கி, ஓரத்தில் ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து கதவுக்காரர் அவருக்கு ஒரு வணக்கம் போட்டார்.

"ரோட்டைப் பாருங்க!"

"பாத்துக்கிட்டேதான் வணக்கம் சொன்னேன். வலது, வலது, நல்லா ஒடி. ஆங், இப்ப விடு. வந்துட்டோம், வந்துட்டோம்!"

அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. கடைசி ஏற்றத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரோரம் கூடிவிட்டார்கள். "வண்டி தலைகீழா வருதுடா!" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் கைதட்ட, பதினாலு கதவும் ஒன்றுகூட நகராமல், வண்டி முதுகைக் காட்டியபடியே வாசலுக்குள் நுழைந்து புதுக் கட்டடத்தின் படிக்கட்டில் நேராகப் போய் நின்றது.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

"இறக்குறதுக்கு வசதியா கீழேயிருந்தே திருப்பிக் கொண்டுவந்துட்டீங்களா?"

"ஆமா" என்றாள் அவள், முகத்தில் எதையும் காட்டாமல்.

"எல்லா வண்டிக்காரங்களும் இங்க வந்து திருப்பி என் செடியை நசுக்குவாங்க. உங்களுக்குத்தான்மா புத்தி இருக்கு."

கதவுக்காரர் கீழே இறங்கினார். முழங்காலில் சீட்டுக் கம்பியின் தடம் பதிந்திருந்தது. உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் கதவை முட்டியால் தட்டினார். மேலே, நடுவே, கீழே. அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து கதவு மாட்டினார். ஐந்தையும் பாதி திறந்து வைத்துக் கைகட்டி நின்றார். ஐந்தும் விட்ட இடத்தில் நின்றன.

மறுநாள் தம்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"மாமா, சைலன்சர் குழாயை ஒரு வெட்டு வெட்டி அந்தப் பக்கம் திருப்பியிருந்தா முடிஞ்சிருக்குமே. அதை விட்டுட்டு டேங்கையே திருப்பியிருக்கோம்."

"நீதானே மாப்ளே வெல்டர்? நீ சொல்லியிருக்கணும்."

"நீங்க டீ குடிக்க எதிர் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே!"

குழாயைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டினான். புகை வலது பக்கம் போனது; டேங்க் திரும்பியது; வாய் இடது பக்கம் வந்தது. உறிஞ்சும் குழாய் பின்னால், அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஒட்டுப்பலகைப் பெட்டியின் ஒரு முனையில் கதவுக்காரர் பென்சிலால் பெரிதாக 'பின்' என்று எழுதி, அதைப் பரணில் வைத்தார். உளிகள் இருந்த இடம் காலியாகத்தானே இருந்தது.

மீதி ஒன்பது கதவையும் அடுத்த வாரம் மாட்டி முடித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்கள். கண்ணாடியில் புள்ளி தேடுகிற பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போக நாளானது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு பக்கத்தில் திரும்பிப் பார்ப்பாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஆரன் அடி என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

டேங்க் திரும்பிய மறுநாள், அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவும் இல்லை. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தனக்கென்று எதையும் கேட்காத மனுஷர்.

"உனக்கு வேலை முடிஞ்சுதா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போறியா? கதவு எதுவும் வேண்டாம். சும்மாதான். இந்தத் தடவை முன்பக்கமா ஏறலாம்."